வெப்சைட்டில் ஏறாத மூஞ்சிகள்

என் நடவு வயலின் மேல் ரோஜா இதழ் கொட்டிக்கொண்டிருந்தது. நிஜ ரோஜா இல்லை. கல்யாண வீடியோவில் மாலை மாற்றும்போது மேலேயிருந்து மெதுவாக ஆடி ஆடி விழுமே, அந்தக் கம்ப்யூட்டர் ரோஜா. முழங்கால் சேற்றில் விழுந்து, சேறு ஒட்டாமல் மறைந்து போனது. கூடவே நாதஸ்வரம். நடுவில் என் மூஞ்சி. என் மூஞ்சியா அது? இத்தனை வருஷம் வெயிலில் காய்ந்து கறுத்த மூஞ்சியைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆக்கி, உதட்டுக்குச் சிவப்பு வேறு தடவியிருந்தான் அந்த ஸ்டுடியோக்காரன். வாயிலிருந்த வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்துதான் மறுபடியும் உட்கார்ந்தேன்.

“எப்டி அத்த கீது?” என்று கேட்டாள் மருமகள்.

“பொணத்துக்குப் பவுடர் போட்ட மாரி கீது” என்றேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டுடியோக்காரன் அங்கேயே நின்றிருந்தான். “யம்மா, இது ஸ்பெசல் எபெக்ட். வேற வூட்டுக்குன்னா இதெல்லாம் போட மாட்டேன்” என்றான். எனக்கு அவன் செய்த மரியாதை அது.

இந்த வீடியோ எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் எனக்கு மூன்று ஏக்கர் நிலம். வீட்டுக்காரர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது, அன்றையிலிருந்து நான்தான் பயிர் வைக்கிறேன். தூயமல்லி நெல் போடுகிறேன். பூச்சி மருந்து, களைக்கொல்லி எதுவும் என் வரப்பைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அந்த அரிசியை வடித்தால் எதிர்வீட்டுக்கு வாசனை போகும். போன வருஷம் வாங்க வந்த வியாபாரி என்ன செய்தான் தெரியுமா? மூட்டையைப் பிரித்து, என் கண்ணுக்கு எதிரிலேயே, வேறு யாரோ கொண்டுவந்த குண்டு நெல் குவியலில் கொட்டினான்.

“ஏம்பா, அது வேற, இது வேறப்பா” என்றேன்.

“அரைச்சா எல்லாம் வெள்ளதான் ஆயா” என்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் நெல் இன்னது என்று தெரியாமல் கலந்து போவதற்கா நாற்று விட்டு, களை எடுத்து, தண்ணீருக்குச் சண்டை போட்டு வளர்த்தேன்? இனி அவன் முகத்தில் முழிப்பதில்லை என்று முடிவு பண்ணினேன்.

மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான், மருமகள் என்னோடு இருக்கிறாள், படித்தவள். நம் நெல்லுக்கு நாமே ஒரு வெப்சைட் வைக்கலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். வைத்தாள். அதைப் பார்த்துச் சென்னையில் அரிசிக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மாள் போன் பண்ணினார். குரல் நன்றாக இருந்தது, பேச்சுத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

“நீங்க மருந்து அடிக்கறதில்லன்னு எழுதியிருக்கீங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்கம்மா. வயல்ல வேலை நடக்கறத ஒரு வீடியோ எடுத்து உங்க வெப்சைட்ல போடுங்க. என் கடைக்கு வர்றவங்களும் அங்கதான் போய்ப் பாப்பாங்க. எனக்குச் சரின்னு பட்டா அறுவடை மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன், உங்க நெல்லைத் தனியாவே அரைச்சுத் தனியாவே விப்பேன். இன்னும் ரெண்டு விவசாயிங்களும் கேட்டிருக்காங்க. கார்த்திகை முடியறதுக்குள்ள நான் முடிவு பண்ணணும்.”

என் வாய் வார்த்தையைப் போனில் கேட்டுவிட்டு, படம் காட்டு என்கிறார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தனியாக அரைப்பேன் என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டேன். அந்த அம்மாள் எடுத்துக்கொண்டால் என் நெல் என் நெல்லாகவே போகும். இல்லாவிட்டால் அந்த வெள்ளை வியாபாரியிடம்தான் திரும்பப் போகவேண்டும்.

தப்பு நான்தான் பண்ணினேன். வீடியோ என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் எடுக்கிற ஸ்டுடியோக்காரனைக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டது மட்டுமில்லை, கொழுந்தனார் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொன்னேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் கல்யாண வீடியோ என்றால் வந்தவர் அத்தனை பேர் மூஞ்சியும் அதில் விழவேண்டும். மேடையில் ஏறி நிற்கிறபோது லைட்டு மூஞ்சியில் அடித்ததா, காமிரா திரும்பியதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவார்கள். பிறகு படம் வந்ததும் மாப்பிள்ளை பெண்ணை யார் பார்க்கிறார்கள்? அவரவர் மூஞ்சி வருகிற இடத்துக்காகக் காத்திருப்பார்கள். என் தங்கை மகள் கல்யாணத்தில் பெண்ணுக்குச் சித்தப்பன் ஒருவர் விட்டுப்போய்விட்டார். ஆறு வருஷம் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை மனுஷன்.

ஐப்பசியில் நடவு. காலையில் நான் வயலுக்குப் போனபோது கொழுந்தனார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வரப்பில் நிற்கிறார். அவர் மனைவி பட்டுப்புடவை. அவளுடைய அம்மா வீட்டு ஜனம் தென்னேரியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்குகிறது. மதகு ஓரம் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஸ்டுடியோக்காரன் ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, “கையக் கூப்புங்க, சிரிங்க, லேசா அப்டியே திரும்புங்க” என்று எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு சின்னக் குழந்தையின் கையில் நாற்று முடியைக் கொடுத்து முத்தம் கொடுக்கச் சொன்னான். அது நாற்றைக் கடித்துத் துப்பியது. அந்தக் கூட்டத்தில் அறிவோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

நட வந்தவர்கள் காவாந்தண்டலத்துப் பெண்கள், பதினாலு பேர். வருஷா வருஷம் அவர்கள்தான் எனக்கு நடுகிறார்கள். அவர்களுக்காகப் பேசுகிற மூத்தவள் என் வயசுக்காரி. அவர்களைப் பார்த்து ஸ்டுடியோக்காரன் கத்தினான்: “யம்மா, யாரும் நிமிராதீங்க! அப்டியே குனிஞ்சே இருங்க, பேக்ரவுண்டு சோக்கா கீது!” அவர்களும் இருந்தார்கள். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

வந்த வீடியோதான் அந்த ரோஜாப்பூ வீடியோ. இருபத்து நாலு நிமிஷம். முதலில் பிள்ளையார், அப்புறம் கோயில் கோபுரம், அப்புறம் கொழுந்தனார் கை கூப்புகிறார், மெதுவாக, மிக மெதுவாக, தண்ணீருக்குள் நடக்கிறவர் மாதிரி. அவன் கொடுத்த பென் டிரைவிலிருந்து அதை வெப்சைட்டில் ஏற்ற மருமகளுக்கு ஒன்றரை நாள் பிடித்தது. மாடி ஏறி, மொட்டை மாடிச் சுவரில் சிக்னல் தேடி உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் சென்னை அம்மாள் போன். “வட்டமா சுத்திக்கிட்டே இருக்கும்மா, ஓடவே இல்ல. கடையில வேற போன்ல போட்டுப் பாத்தேன். அதுல இந்த மாதிரி ஃபைல் திறக்காதுன்னு வருது. வாடிக்கையாளர் யாரும்மா இவ்வளவு பொறுமையா இருப்பாங்க? மத்த ரெண்டு பேரோடது டக்குனு ஓடுது.”

மற்ற இரண்டு பேருடையது டக்கென்று ஓடுகிறதாம். என் நெல்லைவிட அவர்கள் நெல் உசத்தி என்றால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

மருமகளை உட்காரவைத்துக் கேட்டேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், ஆனால் விஷயம் சொன்னால் விளங்கும்.

“அத்த, படம் ஒண்ணுதான். அத எந்த மாரி கட்டி வைக்கிறோம்னு கீது பாரு, அதான் ஃபார்மட். அந்தாளு குடுத்தது எம்.ஓ.வி. சில போன்ல ஓடும், சிலதுல ஓடாது. எம்.பி. ஃபோர்னு ஒண்ணு கீது, அது எந்த போன்லயும் ஓடும். வெப்சைட்டுக்கு அதான் சரி.”

“அப்ப அத்தப் போட வேண்டியதுதான?”

“மாத்தினா மட்டும் போதாது அத்த. இது சினிமாக் கொட்டாயில போடற அளவுக்கு எடுத்து வச்சிக்கீறாரு. அளவயும் சின்னதாக்கணும், நேரத்தயும் கொறைக்கணும். இருபத்து நாலு நிமிசத்த எவ்ளோ அமுக்கினாலும் பாரந்தான்.”

“அதாவது, நெல்லு மூட்டய அப்டியே தூக்கி ஒலப்பானையில போட்டுக்கீறோம்.”

“அதேதான்” என்றாள்.

உடனே புத்தி வந்துவிடவில்லை. கொழுந்தனார் மனைவி ஒரு வழி சொன்னாள்: குடும்ப குரூப்பில் அனுப்பினால் தானே சின்னதாகிவிடும், அதை எடுத்து ஏற்றலாம். அனுப்பினோம். சின்னதாகத்தான் ஆனது. பயிர் பாசியாகவும் மனுஷர் மூஞ்சி அம்மை போட்ட மூஞ்சியாகவும் ஆகிவிட்டன. அதிலும் இருபத்து நாலு நிமிஷம் குறையவில்லை.

அப்புறம் கொழுந்தனார் சொன்னார், ஊரே வீடியோ போடுகிற அந்தப் பெரிய இடத்தில் போட்டுவிட்டு, அதை நம் வெப்சைட்டில் ஒட்டிவிடலாம், பாரம் நமக்கில்லை என்று. அதுவும் செய்தோம். ஓடியது. ஓடுவதற்கு முன்னால் ஒரு விளம்பரம் வந்தது. எவனோ ஒருவனுடைய பாக்கெட் அரிசி. ஒரு நடிகை உட்கார்ந்து பிரியாணி தின்றுகொண்டு, அரிசி என்றால் இதுதான் என்கிறாள். அதற்கு அப்புறம்தான் என் வயல். சீ! பத்து நிமிஷம் கழித்து நடுவில் இன்னொன்று, கக்கூஸ் கழுவுகிற மருந்து. என் நெல்லுக்கு நடுவில் கக்கூஸ். “எட்த்துடு. இப்பவே எட்த்துடு” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எம்.ஓ.வி.யும் எம்.பி.யும் அப்புறம். மூஞ்சியை வெட்டாமல் இந்த வீடியோ எந்தப் போனிலும் ஓடாது. மருமகள் கணக்குப் பார்த்துச் சொன்னாள், இருபத்து நாலில் பதினேழு நிமிஷம் உறவுக்காரர்கள். மாட்டைவிட உண்ணி பெரிதாக இருக்கிறது.

சொல்லாமல் வெட்டுவது என் வழக்கமில்லை. அடுத்த தெருவுக்கு நடந்தேன். கொழுந்தனார் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க மூஞ்சியெல்லாம் எட்த்துடறேன்” என்றேன், உட்காராமலே.

இட்லி கையிலேயே நின்றது. “அண்ணி, வேன் வச்சிக்கினு வந்தாங்க அவுங்க. தென்னேரிக்காரங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

“வேன்ல வந்தாங்க, வேன்ல போயிட்டாங்க. நெல்லு வயல்ல நிக்குது.”

“நான் பட்டுப்பொடவையில சேத்தாண்ட நின்னங்கா” என்று உள்ளேயிருந்து வந்தாள் அவர் மனைவி. “கரையெல்லாம் சேறு. இன்னும் போவல.”

“நான் கட்ட சொல்லலியே.”

“அப்ப யாரு மூஞ்சிதான் இருக்கும்?” என்றார் கொழுந்தனார். “நம்ம நெலத்துல நம்ம மூஞ்சி வாணாம், நட வந்தவளுங்க மூஞ்சி வேணுமா? நல்லா கீது ஞாயம்!”

“நாத்து அவுங்க கையில இருந்திச்சி. உன் கையில இன்னா இருந்திச்சி? மோதரம்.”

“ஆம்பள இல்லாத வெள்ளாமன்னு ஊரே சிரிக்கும் அண்ணி.”

“பதினெட்டு வருசமா அப்டித்தான் நடந்துக்கினு கீது. இப்பத்தான் சிரிப்பு வருதா ஊருக்கு?”

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். அதோடு பேச்சு அறுந்தது. வருத்தமில்லை என்று சொல்லமாட்டேன். என் வீட்டுக்காரரின் தம்பி. ஆனாலும் தெருவில் நடந்து வரும்போது எனக்கு வருத்தத்தைவிட அருவருப்புத்தான் முன்னால் நின்றது. வரப்பில் கால் மணி நேரம் நின்ற சட்டைக்கு இவ்வளவு உரிமை.

வெட்டுவதற்கு உட்கார்ந்தால் அடுத்த கேடு. ரோஜாவை எடுக்க முடியவில்லை. வீடியோவோடு வீடியோவாகக் கலந்து வைத்திருக்கிறான். “மொதல்ல எடுத்தத அப்டியே குடு” என்று ஸ்டுடியோக்காரனைக் கேட்டால், “அடுத்த முகூர்த்தத்துக்கு கார்டு வேணும்னு அழிச்சிட்டனேம்மா” என்கிறான். மருமகள் இருபத்து நாலு நிமிஷத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பூ கொட்டாத இடம் மொத்தம் நாற்பது நொடிதான் தேறியது. எது என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பெண்கள் குனிந்து நடுகிற இடம். வரப்பு மேல் நின்ற அத்தனை பேர் மேலும் கொட்டினவன், சேற்றில் நின்றவர்கள் மேல் ஓர் இதழ்கூடப் போடவில்லை. அவனுக்கு அது பேக்ரவுண்டு.

அந்த நாற்பது நொடியை எம்.பி. ஃபோராக்கி, சின்னதாக்கி, மருமகள் தன் போனில் ஓட்டிக் காட்டினாள். தொட்டதும் ஓடியது. இதுவே போதும் என்றேன். கார்த்திகை பாதி ஓடியிருந்தது. ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் பெண்களுக்கும் காட்டலாம், பெருமைப்படுவார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு அதே பதினாலு பேருக்கும் இரண்டாம் களையெடுப்பு. பத்து மணி டீக்குக் கரையேறினபோது, அந்த மூத்தவள் கையில் போனைக் கொடுத்தேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இன்னொரு தரம் ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இது யாருதுடி?” என்றாள் ஒருத்தி.

“உன்துதான். அகலத்தப் பாரு!”

“தூ! என் பின்னாடியப் பாத்துட்டு எவன்டி அரிசி வாங்குவான்?”

எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவள் சிரிக்கவில்லை. போனைத் திருப்பி என்னிடம் நீட்டினாள். “இன்னாம்மா இது? ஊரு ஒலகம் பாக்கறதுல எங்க முதுவும் குண்டியுந்தான் வருது. எங்களுக்கு மூஞ்சி இல்லியா? வூட்ல நாலு ஆம்பளப் பசங்க கீறாங்கம்மா எனக்கு. இத்தப் போடறதுக்கு ஒரு வார்த்த கேட்டியா நீ?”

“அதான் காட்றேனே” என்றேன்.

“எட்த்ததுக்கு அப்பால காட்ற. எடுக்கறப்ப அந்தாளு குனி குனின்னு கத்தினான். நீயுந்தான் வரப்பு மேல நின்னுக்கினு இருந்த.”

யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் பேசினதில் ஒரு சொல்கூடப் பிசகில்லை. கொழுந்தனாரிடம் நாற்று அவர்கள் கையில் இருந்தது என்று நாக்கை நீட்டிப் பேசிவிட்டு வந்தவள் நான். கொழுந்தனார் சட்டையைப் பார்த்து அருவருத்த எனக்கு, அன்றைக்கு என்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. இதைச் சொல்லும்போதும் அது போகவில்லை.

“சரி. எப்டி எடுக்கலாம், நீ சொல்லு” என்றேன்.

“இப்ப எடு. நிமுந்து நிக்கறோம். வேணான்றவ தள்ளி நிக்கட்டும். சீக்கிரம் எடு, கள கெடக்குது.”

இரண்டு பேர், மாமியார் வீட்டில் திட்டுவார்கள் என்று நகர்ந்துகொண்டார்கள். மருமகள் போனை நிமிர்த்திப் பிடித்தாள். அப்படிப் பிடித்தால் நாலு பேர்தான் விழுகிறார்கள், வயல் இல்லை. படுக்கவைத்துப் பிடி என்றேன். பிடித்தாள். பன்னிரண்டு பேரும், பின்னால் பயிரும், அதற்குப் பின்னால் ஏரிக்கரையும் விழுந்தது.

யாரும் கை கூப்பவில்லை. மூத்தவள் குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கி, வேரோடு சேறு சொட்டச் சொட்டக் காமிராவுக்கு முன்னால் நீட்டினாள்.

“இத்தப் பாருங்க. களக்கொல்லி அடிச்ச வயல்ல இது மொளைக்காது. பக்கத்து வயல்ல தேடிப் பாருங்க, ஒண்ணு இருக்காது. இந்தம்மா அடிக்காது. அதனால வருசத்துக்கு மூணு வாட்டி எங்க இடுப்பு ஒடியுது.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “அரிசி சோக்கா கீது! இந்தம்மா குடுக்கற டீதான் வெறும் தண்ணி!”

அத்தனை பேரும் சிரித்தார்கள். மருமகள் என் மூஞ்சியைப் பார்த்தாள். “அத்த, கடசியில சொன்னத மட்டும் வெட்டிடட்டா?”

எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. அந்த டீயில் பால் ஊற்றுவது நான். “வாணாம், கெடக்கட்டும்” என்றேன்.

ஒரு நிமிஷம் நாற்பது நொடி. எம்.பி. ஃபோர். பூ இல்லை, நாதஸ்வரம் இல்லை, காற்றுச் சத்தம்தான். மாடி ஏறாமல் கூடத்திலிருந்தே அரை மணியில் ஏற்றிவிட்டாள். வட்டம் சுற்றவில்லை. கொல்லையில் நின்று என் பழைய போனில் நானே தொட்டுப் பார்த்தேன், ஓடியது.

கார்த்திகை முடிய நாலு நாள் இருக்கும்போது சென்னை அம்மாள் பேசினார். “அந்தக் களையைக் காட்டினாங்களே, அதைப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன்மா. அறுத்ததும் எல்லாம் எனக்குத்தான். ஆனா உங்களக் காணோமே அதுல? நிலத்துக்காரங்க நீங்கதானே? ஒரு ஓரமாவாவது தலையைக் காட்டினா நல்லா இருக்கும்.”

“நான் வாணாம். நெல்லு கீது இல்ல, அது போதும்” என்றேன். அந்த அம்மாள் இன்னொரு தரமும் கேட்டார். இன்னொரு தரமும் அதையேதான் சொன்னேன்.

தையில் லாரி வந்தது. என் மூட்டைகள் மட்டும் ஏறின. வேறு யாருடைய நெல்லும் அதில் இல்லை. லாரி திரும்புகிறவரை ரோட்டில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கொழுந்தனார் இன்றுவரை அந்த வீடியோவைத் திறந்து பார்க்கவில்லையாம். அவர் மனைவியே மருமகளிடம் சொல்லியிருக்கிறாள். பார்க்காமலேயே, டீக்கடையிலும் கோயிலிலும், “எங்க அண்ணி எல்லாரு மூஞ்சியயும் வெட்டிட்டு தன் மூஞ்சிய மட்டும் வச்சிக்கினாங்க” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அதில் நான் ஒரு நொடிகூட இல்லை. போனைத் தொட்டால் தெரிந்துவிடும். நான் போய்ச் சொல்லப்போவதில்லை.